‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டுமா? எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லைப் பிரித்துப் படிக்கும் முறை

‘மை ஃபாதர் ஃபெட்சஸ் மீ டு ஸ்கூல்.’ மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு எஸ்.பி.எம். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ படிவம் 5 கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகப் பழக்கம். அப்பா காலையில் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார் என்பதுதான் மாணவர் சொல்ல வந்தது. ஆனால் ‘ஃபெட்ச்’ என்றால் போய் அழைத்து வருவது. காலையில் அப்பா செய்வது ‘டேக்ஸ் மீ டு ஸ்கூல்’. மதியம் செய்வதுதான் ‘ஃபெட்சஸ் மீ ஃப்ரம் ஸ்கூல்’ அல்லது ‘பிக்ஸ் மீ அப்’.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. மலாயில் ‘பாவா’ என்ற ஒரே சொல் போவதற்கும் வருவதற்கும் பொதுவாக ஓடிவிடும். தமிழில் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: கொண்டு போ என்றால் டேக், கொண்டு வா என்றால் பிரிங், போய்க் கொண்டு வா என்றால் ஃபெட்ச். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள், சரியான சொல் தானாக வந்து நிற்கும்.

எல்லா இடத்திலும் தமிழ் காப்பாற்றாது. ‘மருந்து சாப்பிடு’ என்கிறோம், மலாயிலும் ‘மாக்கான் உபாட்’. இரண்டு மொழியும் சேர்ந்து ‘ஈட் மெடிசின்’ என்று எழுத வைத்துவிடும். ஆங்கிலத்தில் அது ‘டேக் மெடிசின்’. தேர்வும் அப்படித்தான். தமிழில் தேர்வை எழுதுகிறோம். இங்கே ஆங்கிலத்தில் ‘டேக் அன் எக்ஸாம்’ அல்லது ‘சிட் அன் எக்ஸாம்’. மலாயின் ‘மெண்டுடுக்கி பெப்பரிக்சாஆன்’ என்ற தொடருக்குள் ‘டுடுக்’ உட்கார்ந்திருப்பதை நினைவில் வைத்தால் ‘சிட்’ மறக்காது.

நேரத்தைச் சொல்லும்போது வரும் ‘டேக்’ தமிழில் ‘ஆகும்’. பாலத்தில் நெரிசல், கடக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று என்பதை ‘இட் டுக் அஸ் டூ அவர்ஸ் டு கிராஸ் தி பிரிட்ஜ்’ என்று எழுத வேண்டும். வரிசையை அப்படியே மனத்தில் பதியுங்கள்: இட், டேக், ஆள், நேரம், பிறகு ‘டு’. இங்கே ‘லாஸ்ட்’ என்பதை மாற்றாகப் போட முடியாது. அது ஒரு நிகழ்ச்சி எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு. படம் ‘லாஸ்ட்’ ஆகும், பாலத்தைக் கடப்பது ‘டேக்’ ஆகும்.

பெரிய கெடுதல் ஒத்தசொல் பட்டியலால்தான் வருகிறது. ‘டேக்’குக்கு நேராக சீஸ், கிராப், அப்டெய்ன், அக்செப்ட், ரிமூவ், ஸ்டீல், கேரி, எண்டியூர், ரிக்வயர் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ‘டேக்’கின் ஏதோ ஒரு பொருளுக்குத்தான் மாற்று. இதைக் கவனிக்காமல் அழகுக்காக ‘ஐ சீஸ்ட் தி பஸ்’ என்று எழுதினால், பினாங்கின் கொம்தார் பேருந்து நிறுத்தத்தில் நின்ற பேருந்தை மாணவர் கைப்பற்றிக்கொண்டு போனார் என்று ஆகும். ‘சீஸ்’ வாய்ப்புக்குப் பொருந்தும்: ‘சீஸ் தி ஆப்பர்சூனிட்டி’. பேருந்துக்கு ‘கேட்ச்’. அதிலும் நேரத்துக்குப் போய்ப் பிடித்தோம் என்ற சாயல் உண்டு. காலெடுத்து ஏறுவதை மட்டும் சொல்ல ‘போர்ட்’.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் காட்டுகிறது. அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ‘டேக்’குக்குப் பத்துப் பொருள் தெளிவாகத் தெரிந்தால் எஸ்.பி.எம்.முக்குப் போதும். நாளுக்கு இரண்டு பொருள், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம், நோட்டில் நான்கு வரி. மாணவர்களுக்கான அகராதியையே பயன்படுத்துங்கள், அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். ஒத்தசொல் அகராதியில் பெரும்பாலும் அவை இருக்காது.

‘தாங்கு’ என்ற பொருளில் வரும் ‘டேக்’கை எடுத்துக்கொள்வோம். முதல் வரி தமிழ்ப் பொருள்: தாங்கிக்கொள். இரண்டாவது வரி, பக்கத்தில் வரும் சொற்கள்: கான்ட், எனிமோர், தி ஹீட், தி பிரஷர். இந்தப் பொருள் பெரும்பாலும் ‘முடியாது’ என்பதோடுதான் வரும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். மூன்றாவது வரி மாற்றுச் சொற்கள்: பேச்சுவழக்குக்கு ஸ்டாண்ட், புட் அப் வித், முறையான கட்டுரைக்கு டாலரேட், எண்டியூர். நான்காவது வரி, மாற்று எங்கே வேறுபடும்: ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் வெயிட்டிங்’ சரளமாக வரும், அங்கே ‘டேக்’ அவ்வளவாகப் பொருந்தாது. இந்த நான்காவது வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். மதிப்பெண் போவதும் அங்கேதான்.

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள் 1 இல் 40 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். இரண்டாம் பகுதியில் ஒரே பத்தியில் 10 கோடிட்ட இடங்கள். நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே பொருளில் இருந்தால் பொருளைத் துருவிக்கொண்டிருக்காமல் கோட்டுக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோட்டை அடுத்து ‘பார்ட் இன்’ இருந்தால் ‘டேக்’. வெறும் ‘இன்’ இருந்தால் ‘பார்ட்டிசிபேட்’. நேராக ‘தி காம்படிஷன்’ இருந்தால் ‘என்டர்’ அல்லது ‘ஜாய்ன்’. மூன்றுக்கும் தமிழில் ‘கலந்துகொள்’தான். பொருளை வைத்துத் தேடினால் விடை கிடைக்காது.

தாள் 2 இல் முதல் பகுதி சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். அங்கே ‘டேக்’ இரண்டு முறை வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. தவறான மாற்றைவிடத் திரும்ப வந்த சரியான சொல்லே மேல்.

துணைச்சொல்லோடு சேர்ந்தால் ‘டேக்’ வேறு ஆளாகிவிடும். ‘டேக் ஆஃப்டர்’ என்றால் ஜாடையிலோ குணத்திலோ பெற்றோரைக் கொண்டிருப்பது. ‘டேக் இன்’ என்றால் ஏமாற்றுவது, வீட்டில் தங்க இடம் கொடுப்பது, தையற்கடையில் தொளதொளவென்ற ரவிக்கையைப் பிடித்துத் தைப்பது, இவ்வளவும். இவற்றை வாக்கியத்தோடுதான் படிக்க முடியும்.

மலாயிலிருந்து நேராக மாற்றும்போது இன்னொரு வழுக்கல். ‘ஜாங்ஙான் அம்பில் ஹாத்தி’ என்றால் மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்று சமாதானம் சொல்வது. அதை ‘டோன்ட் டேக் ஹார்ட்’ என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் ‘டேக் ஹார்ட்’ என்றால் தைரியம் கொள். நடுவில் ஒரு ‘இட் டு’ சேர்த்து ‘டோன்ட் டேக் இட் டு ஹார்ட்’ என்று எழுதினால்தான் சமாதானம் ஆகும்.