பாக்ஸ்என் ரேக்கின் கடைசி வேகன் வரை காற்று

ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச ரயில் சிமுலேட்டரில், 58 பாக்ஸ்என் (திறந்த மேல்பக்கச் சரக்கு வேகன்) கோத்த என் ரேக் ஒருவழியாகச் சரக்கு வண்டி மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டது. ஃபுல் சர்வீஸில், அதாவது வழக்கமான முழு பிரேக்கில், நிறுத்திவிட்டு ஏ9 கைப்பிடியை (ரயில் முழுவதற்குமான பிரேக் கைப்பிடி) ரிலீஸுக்குத் தள்ளினால், எஞ்சினுக்கு அடுத்த வேகனில் பிரேக் சிலிண்டர் கிட்டத்தட்ட காலியாகும் நேரத்தில் கடைசி வேகனில் இன்னும் ஒரு கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல் அழுத்தம் மிச்சம் நிற்கிறது. அவசரப்பட்டு நாட்ச் கொடுத்து எஞ்சினை இழுக்க வைத்தால் வேகன்களை இணைக்கும் கப்ளர் போகும். இதற்காகத்தான் இத்தனை நாள் மல்லுக்கட்டினேன்.

இலவசமாகக் கிடைக்கும் வேகன்களை வைத்து ஓட்டுபவர்களுக்குத் தெரியும்: மாடல் அழகாக இருக்கும், பெயின்ட் அச்சு அசலாக இருக்கும், பிரேக் பகுதியை மட்டும் ஏதோ அமெரிக்க வேகனிலிருந்து அப்படியே ஒட்டியிருப்பார்கள். 90 பிஎஸ்ஐ பைப், டிரிபிள் வால்வு (பைப் அழுத்தத்தைப் பார்த்து சிலிண்டரை நிரப்பிக் காலியாக்கும் வால்வு), பிரேக்கை ஒரேயடியாக விட்டுவிடும் டைரக்ட் ரிலீஸ். நம் ஊரில் பி.பி. (பிரேக் பைப்) 5 கிலோ, எஃப்.பி. (ஃபீட் பைப்) 6 கிலோ, சிலிண்டர் 3.8 கிலோ. 14.22-ஆல் பெருக்கினால் முறையே 71, 85, 54 பிஎஸ்ஐ. எஞ்சின் கோப்பில் மினிமம் ரிடக்‌ஷன் 7, ஃபுல் சர்வீஸ் டிராப் 21. இவ்வளவும் அரை மணி நேர வேலை. ஒரு சின்ன சந்தோஷம், பைப்பில் இறங்கும் அழுத்தத்துக்கு சிலிண்டரில் எத்தனை மடங்கு ஏறும் என்ற டிரிபிள் வால்வு ரேஷியோவைத் தொடவே வேண்டியதில்லை. அதன் இயல்பு மதிப்பு 2.5. நம் ஃபுல் சர்வீஸில் பி.பி. ஒன்றரை கிலோ இறங்கும், 1.5-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 3.75. யாரோ நமக்காகவே போட்டு வைத்தது போல உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் ஆப்ஷன்ஸில் கிராஜுவேட்டட் ரிலீஸ் (படிப்படியாக விடும் பிரேக்) டிக். அதை விட்டுவிட்டு என் வேகன் கோப்பில் என்ன செய்தும் வீணாகத்தான் போனது. டிக் இல்லையென்றால், பி.பி. ஆக்ஸிலரி ரிசர்வாயரின் (வேகனின் சொந்தக் காற்றுத் தொட்டி) அழுத்தத்தைத் தாண்டியதுமே சிலிண்டர் முழுக்கக் காலியாகிவிடும். டிக் இருந்தால்தான் பி.பி. எவ்வளவு ஏறியதோ அந்த அளவுக்கு மட்டும் சிலிண்டர் இறங்கும். டிரிபிள் வால்வுக்குப் பதில் நம் வேகன்களில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு செய்வது இதைத்தான். நான் சோதிக்கும் தடம் 1/50 இறக்கம், கர்நாடகத்தின் சக்லேஷ்பூர் மலைப்பாதைச் சரிவும் அதுதான். அந்தச் சரிவில் ஒவ்வொரு டன்னையும் 20 கிலோ விசை கீழே இழுக்கும். லோடு வேகன் ஒன்று 81 டன், அப்படி 58 என்றால் ரேக்கை மட்டும் ஏறக்குறைய 94 டன் விசை தள்ளுகிறது. அங்கே கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் மொத்த பிரேக்கும் விட்டுப்போனால் கதை கந்தல். இப்போது பி.பி.யை 4.2-லிருந்து 4.4-க்கு ஏற்றினால் வேகம் மெல்லக் கூடுகிறது, மறுபடி இழுத்தால் அடங்குகிறது.

பலரும் வண்டி நிற்கவில்லை என்றால் மேக்ஸ் பிரேக் ஃபோர்ஸைத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். என்னைக் கேட்டால் விசையைக் கடைசியில் பாருங்கள், முதலில் நேரத்தைப் பிடியுங்கள். நம் சரக்கு வேகனில் சிலிண்டர் நிரம்ப 18 முதல் 30 விநாடி, காலியாக 45 முதல் 60 விநாடி. பயணிகள் பெட்டியிலோ நிரம்ப 3 முதல் 5, காலியாக 15 முதல் 20. சரக்கு வண்டியின் குணமே இந்த இரண்டு கணக்கில்தான் இருக்கிறது. 54 பிஎஸ்ஐ 24 விநாடியில் ஏற வேண்டுமென்றால் வேகனின் மேக்ஸ் அப்ளிகேஷன் ரேட் 2.25. ரிலீஸில் 0.4 கிலோ வரை இறங்குவதைத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஆக 48 பிஎஸ்ஐ 52 விநாடியில், சுமார் 0.92. இதே பெயரில் எஞ்சின் கண்ட்ரோலரிலும் ரேட் உண்டு, அது பைப்புக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம். நிஜ வால்வில் முதலில் பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு சேர்க்க ஒரு வேகமான ஏற்றம் வந்து, பிறகுதான் நிதானமாக நிரம்பும். இங்கே வருவது நேர்கோடு. பரவாயில்லை, வாலில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இனிதான் உயிரை வாங்கிய இடம்: பிரேக் பைப் டைம் ஃபேக்டர். அடுத்தடுத்த இரண்டு வேகன்களுக்கு இடையிலான பைப் அழுத்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய எத்தனை விநாடி என்பதே இது. படிக்கும்போது சாது மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், இப்படி அண்டை வேகன்களுக்குள் சமன் செய்துகொண்டே போகும் ஏற்பாட்டில் கடைசி வேகனை எட்டும் நேரம் வேகன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ரேக் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு. 0.003 போட்டால் 58-க்கு வரும் தாமதம் அதிகபட்சம் பத்து விநாடி என்ற கணக்கில் இருக்கும், 0.02 போட்டால் ஒரு நிமிடத்தைத் தொடும். ஆகையால் பத்து வேகனை வைத்து டியூன் செய்த எண்ணை நீள ரேக்குக்குக் கொண்டுபோகாதீர்கள், ஓட்டப்போகும் முழு ரேக்கையும் கோத்துவிட்டே சோதியுங்கள். எஃப்5 அழுத்தி, ஷிஃப்ட்டோடு தட்டித் தட்டி பிரேக் பக்கத்துக்குப் போனால் வேகன் வாரியாக எண்கள் ஓடும். கடைசி வரியில் மட்டும் கண்ணை வையுங்கள். 

எனக்கு 0.004 ஒத்துவந்தது. அப்ளிகேஷனில் அலை வாலுக்குப் போவது நிஜத்தைவிடக் கொஞ்சம் மந்தம்தான். நிஜத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரும் தன் பங்குக்குப் பைப்பிலிருந்து கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு அலையை முன்னே தள்ளும். அதற்காக ஃபேக்டரைக் குறைத்தால் ரிலீஸ் பறக்கிறது. ஒரே எண்ணை வைத்து இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது, நான் ரிலீஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். ரிலீஸ் நேரத்தில் பைப் சார்ஜிங் ரேட்டும் கூட விளையாடும், முதலில் ஃபேக்டரை நிலைநிறுத்திவிட்டு அதற்குப் போங்கள்.

ட்வின் பைப் (பி.பி.யும் எஃப்.பி.யுமாக இரண்டு பைப்) என்று போட்டதும் எஃப்.பி.யில் 9, 10 கிலோ காட்டும், பயப்பட வேண்டாம். சிமுலேட்டர் எஞ்சினின் முதன்மைக் காற்றுத் தொட்டியான மெயின் ரிசர்வாயரை அப்படியே அந்தப் பைப்பில் திறந்துவிடுகிறது. எஞ்சினில் மெயின் ரிசர்வாயர் பைப்பின் உச்ச அழுத்தத்துக்குத் தனி வரி உண்டு, அதில் 85 எழுதினால் 6 கிலோவில் அடங்கும். கசிவுக்கு நிமிடத்துக்கு கால் கிலோ என்ற ரயில்வே வரம்பையே எடுத்தேன், விநாடிக்கு 0.06 பிஎஸ்ஐ. இன்னொன்று, ஆக்ஸிலரி என்று வரும் பெயர்களில் பழைய சிமுலேட்டர் காலத்திலிருந்தே ஆங்கில எழுத்து ஒன்று குறைவு. இலக்கண சுத்தமாகத் திருத்தினீர்கள் என்றால் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

இதற்கிடையில் ஏ9-க்கு ஒரு நிஜக் கைப்பிடி செய்யும் ஆசை வந்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் பாகம்) வாங்கி வைத்திருக்கிறேன். வாங்குபவர்கள் முதுகில் பி10கே என்று இருக்கிறதா பாருங்கள், பி என்றால் லீனியர், திருகும் அளவுக்குச் சீராக மாறும். ஏ என்று இருந்தால் ஆடியோ வால்யூமுக்கானது, பாதித் திருகலில் பிரேக் எங்கோ போய் நிற்கும். அதைக் கணினியோடு இணைக்க ஆர்டுயினோ போர்டு மேசையில் கிடக்கிறது, மினிமம் ரிடக்‌ஷனில் கைப்பிடி டொக்கென்று உட்கார என்ன வழி என்றுதான் யோசனை. சைக்கிள் பால்ரஸ் ஒன்றும் ஸ்பிரிங்கும் போதும் என்று நினைக்கிறேன், செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

காலி ரேக் இன்னும் பாக்கி. காலி வேகன் 22.5 டன்தான். லோடு வேகனுக்குப் போட்ட விசை அப்படியே இருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குகிறது. லோடு சென்ஸிங் (எடையை உணர்ந்து பிரேக்கை மாற்றும் வசதி) உள்ள வேகனில் காலியாக இருக்கும்போது சிலிண்டர் 2.2 கிலோவோடு நின்றுவிடும். அதனால் இப்போதைக்கு காலி வேகனுக்குத் தனிக் கோப்பு வைத்து, விசையை அதே விகிதத்தில் குறைத்து ஓட்டுகிறேன். காலியும் லோடும் கலந்த ரேக்கில் இது எப்படி இழுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எல்எச்பி பயணிகள் பெட்டிகள் பக்கம் போவேன்.