செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப்: குலுக்கலை வைத்துத்தான் திட்டம் போடணும்

வெளிநாட்டுக்கு கோல்ஃப் ஆடப் போகலாம் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்களில் பலர் முதலில் சொல்வது ஸ்காட்லாந்து, அதிலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ். ஆசை நியாயமானதுதான். ஆனால் விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அங்கே எப்படி இடம் கிடைக்கும் என்றே விசாரிக்கிறார்கள். விசாரிப்பதை முதலில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

ஓல்டு கோர்ஸ் தனியார் கிளப்பின் சொத்து கிடையாது, பொது நிலம். ஒரு அறக்கட்டளை அதை நடத்துகிறது, வெளியூர்க்காரர்களும் ஆடலாம். முன்பதிவு உண்டு, ஆனால் அந்த இடங்கள் வெகு சீக்கிரம் போய்விடும். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், உத்தரவாதத்தோடு பேக்கேஜ் விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, விலையைக் கேட்டால் தலை சுற்றும். மிச்சமிருக்கும் வழி தினசரிக் குலுக்கல். ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால், அங்கே பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும், அன்று மாலையே முடிவு தெரிந்துவிடும். இரண்டு முதல் நான்கு பேர் வரை சேர்ந்து பெயர் கொடுக்கலாம். ஆன்லைனிலேயே கொடுக்கலாம் என்பதால், கோடையில் இந்திய நேரம் மாலை 6.30-க்குள் சென்னையில் இருந்தபடியே பெயரைப் போட்டுவிட்டு விமானம் ஏறலாம். தனியாகப் போகிறவர் என்றால் முந்தின நாள் நேரில் போய்ப் பெயர் கொடுக்கும் தனிக் குலுக்கல் இருக்கிறது. எதற்கும் கிளப்பில் சொல்லி, உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் ஓல்டு கோர்ஸில் விட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய ஆட்டப் பாதையில், நடப்பார்கள், நீங்களும் நடக்கலாம். அதனால் வெள்ளி இரவு இறங்கி ஞாயிறு கிளம்புகிற மாதிரி பயணத்தை வைத்துக்கொள்ளவே கூடாது. திங்கள் முதல் சனி வரை அந்த ஊரிலேயே தங்குவதாக இருந்தால் தினமும் குலுக்கலில் பெயர் போடலாம். ஐந்து ஊர், ஐந்து மைதானம், நடுவில் கார் ஓட்டம் என்று அட்டவணை போடுபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், ஒரே ஊரில் இருங்கள்.

குலுக்கலில் பெயர் வராத நாளில் என்ன செய்வது? அங்கேதான் இந்த ஊரின் அருமையே இருக்கிறது. 1895-ல் வந்த நியூ கோர்ஸ், 1897-ல் வந்த ஜூபிலி, ஈடன், கடலோர மேட்டில் 2008-ல் திறந்த காஸில் கோர்ஸ் என்று அதே அறக்கட்டளையின் மைதானங்கள் வரிசையாக இருக்கின்றன. ஓல்டு கோர்ஸில் சீசனில் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல் ஆகும், நியூ கோர்ஸுக்கு அதைவிட நன்றாகவே குறைவு. என்னைக் கேட்டால் முதல் நாளே நியூ கோர்ஸில் ஆடிவிடுங்கள். மணலடித் தரை, கட்டாந்தரை போல இறுகியிருக்கும், நம் ஊரில் பழகியபடி பந்தை உயரத் தூக்கி, குழி இருக்கும் கிரீனில் இறக்கினால் அது நிற்காமல் ஓடிவிடும். முப்பது கஜம் முன்னாலேயே தரையில் போட்டு உருட்டி விடும் அடி கைக்கு வர ஒரு நாளாவது வேண்டும், அதை ஓல்டு கோர்ஸில் காசு கொட்டிக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஓல்டு கோர்ஸில் இடம் கிடைத்துவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வழி சொல்லும் உதவியாளரான கேடி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கிரீன்கள் பெரும்பாலும் இரட்டை, ஒரே கிரீனில் இரண்டு ஹோலின் குழிகள் இருக்கும், போகும் வழியின் ஹோலுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழியின் ஹோலுக்குச் சிவப்புக் கொடி, இரண்டு ஹோல் எண்களையும் கூட்டினால் 18 வரும். பதினேழாவது ஹோலில் ஃபேர்வே கண்ணுக்கே தெரியாது, முன்னால் பச்சை நிறக் கொட்டகைச் சுவரும் அதில் எழுதியிருக்கும் ஓட்டல் பெயரும்தான் தெரியும். அந்தப் பெயரில் எந்த எழுத்துக்கு மேலே அடிக்க வேண்டும் என்று அன்றைய காற்றைப் பார்த்து கேடி சொல்வார். கிரீனுக்குப் பின்னால் தார்ச்சாலை, அதையடுத்து கல் சுவர், பந்து சாலையில் கிடந்தாலும் அங்கிருந்தே அடிக்க வேண்டியதுதான்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ஏப்ரல் கடைசிக்கு. குளிர் இருக்கும், ஆனால் கோடைக் கூட்டம் இருக்காது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் உண்டு, ஒரே நாளில் இரண்டு சுற்றுகூட ஆடலாம், ஆனால் குலுக்கலில் போட்டியும் அதிகம். அக்டோபர் தொடக்கத்தில் டன்ஹில் என்ற தொழில்முறை கோல்ஃப் போட்டி நடப்பது வழக்கம் என்பதால் தேதி பார்த்து முடிவு செய்யுங்கள். 2027 ஜூலையில் பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபன் அங்கேதான், அந்த நேரத்தில் ஆடப் போகிற எண்ணமே வேண்டாம்.

அப்புறம் விசா. பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். எடின்பரோவிலிருந்து ரயிலில் லூகர்ஸ் வரை போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் ஊர் வந்துவிடும், செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் கிடையாது. கோல்ஃப் பைக்கு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், டிக்கெட் போடும்போதே எடை கேட்டுக்கொள்ளுங்கள். தூரம் அளக்கும் கருவிக்கு ஸ்பேர் லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் அதைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள், செக்-இன் பையில் வைக்க அனுமதியில்லை.