கட்டியகாரன் இல்லாத ராசா

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் நடந்த கலைவிழாவுக்குப் பெரியப்பாவின் கூத்தையும் கேட்டிருந்தார்கள். பாசையூரில் ராசா வேஷம் கட்டி விடிய விடிய ஆடிய ஆள் அவர். மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். (பாடப்புத்தகத்தில் அது கடனீரேரி. முழங்காலளவுத் தண்ணீரில் கன தூரம் நடந்து போகலாம். ஆனாலும் எங்களுக்கு அது கடல்தான்.)

அழைப்பிதழ் வடிவாகத்தான் இருந்தது. நேரம்தான் நாற்பது நிமிடம்.

"வரவு பாடி முடிக்கவே காணாது" என்றார் பெரியப்பா.

கூத்தில் ராசா சும்மா நடந்து வந்துவிட முடியாது. முதலில் கட்டியகாரன் வந்து ஆடிப் பாடி, ராசா வருகிறார் என்று சபைக்குச் சொல்லவேண்டும். எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கக் கூத்துகள் பெரும்பாலும் தென்மோடி என்கிற பாணி. அதில் ஆட்டத்தைவிடப் பாட்டுக்குத்தான் இடம் அதிகம். ராசா விட்ட வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கி இழுப்பார்கள், மத்தளம் பின்னால் போகும். அதையெல்லாம் சுருக்கினால் மிஞ்சுவது கதை. கதை யாருக்குத் தெரியாது? அதற்காகவா சனம் பாயோடு வந்து இருந்தது?

கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மூன்று பின்னேரம் கொப்பியும் சிவப்புப் பேனையுமாக இருந்து வெட்டினார். கட்டியகாரன் முழுதாகப் போய்விட்டான். அந்த வேஷம் கட்டுகிற சின்னையாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். "ஆடாட்டிலும் பரவாயில்லை, உடுப்பைப் போட்டுக்கொண்டு வாறன்" என்று லொறியில் ஏறிவிட்டார்.

அன்றைக்குச் சோளகக் காற்றுப் பலமாக அடித்தது. மைக்குக்குள் காற்றுத்தான் பாடியது. இரண்டாவது பாட்டோடு பெரியப்பா அதைக் கையால் தள்ளிவிட்டார். ஊர்க் கூத்துக் களரியில் மைக் இல்லாமல் பாடிய தொண்டைதான், என்றாலும் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. முன்வரிசைக் கதிரைகள் மங்கள விளக்கு ஏற்றிய கையோடு காலியாகிவிட்டன. சரி, அது எல்லா விழாவிலும் நடக்கிறதுதான்.

கூத்து முடிந்து பிளேன்ரீ வாங்கப் போனபோது சின்னையாவைக் கண்டேன். கரைக்கு இழுத்து வைத்த வள்ளத்தின் விளிம்பில், மினுங்கும் உடுப்போடு கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பெடியன்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"அங்கிள், நீங்கள் என்ன வேஷம்?"

கச்சான் சரையை வள்ளத்தில் வைத்தார். மடியில் கிடந்த கோதைத் தட்டிவிட்டு எழும்பி, தொண்டையைச் செருமினார்.

மேடைக்குப் பின்னால் பெரியப்பா முகத்துப் பூச்சைக் கழுவிக்கொண்டிருந்தார். இங்கே சின்னையா, ராசா வரப்போகிறார் என்று பாடத் தொடங்கினார்.