ஏரியில் எத்தனை மீன்?

கரையில் ஒரு கட்டிடம்கூட இல்லாத சின்ன ஏரி. அதில் எத்தனை மீன் இருக்கும்? எண்ணவே முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றாக எண்ணாமலே கணக்கிட முடியும்.

100 மீன்களைப் பிடித்து, துடுப்பு நுனியில் துளியூண்டு வெட்டி அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். அவை மற்றவற்றோடு கலந்த பிறகு மறுபடி வலை போடுகிறோம். சிக்கிய 50 மீனில் 10 அடையாளத்தோடு இருந்தால், ஐந்தில் ஒன்று அடையாளமிட்டது; அப்படியானால் நாம் விட்ட 100 மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஏரியில் சுமார் 500. டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 1890களில் மீன்களுக்கு அடையாள வில்லை மாட்டி அடித்தளம் போட்ட வழி இது. வாய்க்கால் எதுவும் சேராத ஏரிக்கு அருமையாகப் பொருந்தும். மீன் வரவும் போகவும் வழியில்லையே.

எனக்கு ரொம்பப் பிடித்தது செதில் பார்ப்பது. முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு செதில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். வளர்ச்சி மந்தமான பருவத்தில் கோடுகள் நெருங்கிவிடும். அந்த நெருக்கங்களை எண்ணினால் வயது. பெரிதாக வளரவேண்டிய இனம் நான்கைந்து வயதிலும் விரல் நீளமே இருந்தால், பெரும்பாலும் கூட்டம் அதிகம், தீனி போதவில்லை என்று அர்த்தம். வெறும் எண்ணிக்கை இதைச் சொல்லாது.

அப்புறம், மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் வழவழப்புப் படலம் உரிந்து எளிதில் நோய் தொற்றும்.