இப்பவே எதுக்கு?

அண்ணனுக்கு வாக்கர் வாங்கி வந்தோம். அதைப் பிடித்து நடக்கப் பழகுவதற்குள் கையில் பிடிமானம் போய்விட்டது. சரி என்று சக்கர நாற்காலி வாங்கினோம். அதில் கழுத்துக்குத் தாங்கல் கிடையாது. கழுத்து நிற்காமல் போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? இந்த வியாதிக்காரர் இருக்கும் வீட்டில் எந்தச் சாமானும் தேவைப்படும்போது வாங்கினால் லேட்டுதான்.

வியாதியின் பெயர் ஏ.எல்.எஸ். மோட்டார் நியூரான் நோய்களில் ஒன்று. தசையை அசைக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் செத்துக்கொண்டே வரும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. ஆனால் கண்ணும் காதும் தொடு உணர்ச்சியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கொசு கடிப்பது அண்ணனுக்கு நன்றாகவே தெரிகிறது. அடிக்கத்தான் முடியாது.

கோயமுத்தூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். லேத்தில் பிடியை இறுக்கும் சாவியான சக் கீயை முறுக்கும்போது வலது கை வழுக்குகிறது என்றுதான் முதலில் சொன்னார். கட்டைவிரலுக்குக் கீழே சதைத் திரட்சி இருக்குமே, அது வற்றிக் குழி விழுந்திருந்தது. தோளில் தோலுக்கு அடியில் ஏதோ ஓடுவதுபோல ஓயாமல் துடிப்பு. ஒரு டாக்டர் கழுத்தெலும்பு தேய்மானம் என்றார். கழுத்துப் பட்டை, எண்ணெய்ப் பிழிச்சல், இழுவை என்று மாதங்கள் போயின. அப்புறம் ஒரு நரம்பியல் டாக்டர் தசையில் ஊசி குத்திப் பார்க்கும் இ.எம்.ஜி. எடுத்து, அண்ணியையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 2 முதல் 5 வருடம். ரிலுசோல் மாத்திரை காலையும் இரவும். ஆயுளைச் சில மாதம் தள்ளிப்போடும், குணமாக்காது.

அன்றைக்கு ராத்திரியே மச்சான் போனில் ஏதோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்"னு ஒன்னு இருக்குதுங்க, அது மெதுவாத்தான் போகுமாம்! உண்மைதான். 1970-ல் சென்னை டாக்டர்கள் எழுதிவைத்த நோய் அது. ஆனால் அது இளவயதில் வருவது, கூடவே காதும் மந்தமாகும். அண்ணனுக்கு வயது நாற்பத்தெட்டு. அடுத்த அறையில் பேசுவதுகூடக் கேட்கும். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இல்லை என்று தலையாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சொல்வார்கள். 1963-ல் இதே நோய் தெரிந்து 2018 வரை இருந்தவர். அவர் விதிவிலக்கு என்று ஒவ்வொருவரிடமும் விளக்க எனக்குத் தெம்பில்லை, ஆமாங்க என்று விட்டுவிடுவேன்.

பெரிய சண்டை வந்தது வயிற்றுக் குழாய் விஷயத்தில். வயிற்றில் சின்னத் துளை போட்டு நேராக இரைப்பைக்கு உணவு கொடுக்கிற பெக் குழாய். மூச்சுத் திறன் பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் வைத்துவிட வேண்டும், அப்புறம் அந்தச் சின்ன ஆபரேஷனே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் அப்போது ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தால் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்தான் புரையேறும். கெட்டியான கஞ்சி இறங்கும். பெரியம்மா வாசலில் நின்று, "வாயில திங்கற மனுசனுக்கு வயித்துல எதுக்கு ஓட்டை? இப்பவே எதுக்கு? நீங்களே வரவெச்சுருவீங்களாட்ட இருக்குது" என்றார். அண்ணிக்கு அது சாபம் மாதிரி விழுந்தது. முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் அதற்காகவே காத்திருக்கிறோம் என்று அர்த்தம் பண்ணுகிற ஊர் இது. அண்ணனே கையை லேசாகத் தூக்கி, வைக்கட்டும் என்று காட்டியதால் முடிந்தது. வைத்த பிறகும் ருசிக்கு இரண்டு வாய் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். இப்போது ராகிக் கூழைத் துணியில் வடிகட்டி, தலையை உயர்த்திவைத்து, சிரிஞ்சில் அண்ணி கொடுக்கிறார். முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு துக்க வீட்டில் அண்ணன் சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வர. அதுவும் வியாதிதான். சிரிப்பையும் அழுகையையும் பிடித்துவைக்கிற கட்டுப்பாடு மூளையில் அறுந்துபோகிறது. மனதுக்குள் சிரிப்பு இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பேச்சு குழற ஆரம்பித்த உடனே எழுத்து அட்டை செய்தோம். இதையும் முன்கூட்டியே செய்தது நல்லதாகப் போயிற்று, வாய் இருக்கும்போதே சேர்ந்து பழகிவிட்டோம். 247 எழுத்தையும் அட்டையில் போட்டால் கண்ணால் தேடி மாளாது. என் மகள் ஏழாம் வகுப்பு. வல்லினம், மெல்லினம், இடையினம் ஆறு ஆறாகப் பிரித்தால் போதுமே என்றாள். நாலாவது வரிசை உயிரெழுத்து. "வல்லினமா?" கண் மேலே போனால் ஆமாம். "க, ச, ட, த..." மறுபடி மேலே. த. அடுத்தது ல. அப்புறம் க. "தலகாணியா?" கண் மேலே. குறில் நெடில் எல்லாம் நாங்களே ஊகித்துக்கொள்வோம். மருமகன் ஒருவன் எப்போதும் அவசரப்பட்டுத் தப்பாக ஊகிப்பான், அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அதுதான் இப்போது அவர் திட்டு.

மூச்சு மெஷின் பைபேப் ராத்திரிக்கு. காலையில் தலைவலி, படுத்தால் தூக்கம் வராமை, இவையெல்லாம் உள்ளே கரியமில வாயு தேங்குவதன் அறிகுறி. பாசத்தில் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்துவிட்டார். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றை இழுத்துத் தள்ளும் தசைதான் ஓய்ந்தது. ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் தேங்கிய வாயு இன்னும் ஏறலாம். திருப்பி அனுப்பினோம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டரும் போட்டாயிற்று.

தொண்டையில் துளை போட்டு வெண்டிலேட்டர் வேண்டுமா என்று டாக்டர் அண்ணனிடமே கேட்டார். வேண்டாம் என்று அட்டையில் சொன்னார். மறுநாள் திரும்பக் கேட்டோம், அதே பதில். இப்படி வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி விட்டது. 2023-ல் இன்னும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் போட்டால் போதும் என்றது. நோட்டரி வீட்டுக்கே வந்தார். காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்திக் கத்திப் படித்தார். அண்ணன் அட்டையைப் பார்த்தார். க. த. "காதா?" கண் மேலே. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது சளியை இழுத்தெடுக்கும் இருமல் மெஷின். விலை கட்டுப்படியாகாது. வாடகைக்குத் தருகிற ஒருவரிடம் பேசியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.