மரபியல் வகுப்பில் ஒப்புதல் படிவம்

மனித மரபியலைக் கற்பிக்கும்போது அறிவியலை முதலில் முடித்துவிட்டு, அறநெறியைக் கடைசி வகுப்புக்கு ஒதுக்குவதே நம் கல்லூரிகளில் வழக்கம். அந்தக் கடைசி வகுப்பும் பெரும்பாலும் நன்மைகள், தீமைகள் என்று இரண்டு பத்திகளாகக் குறிப்பெழுத வைப்பதோடு முடிந்துவிடும். இளநிலை விலங்கியல் மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்திவரும் எனக்கு இந்த வரிசையில் உடன்பாடு இல்லை. அறநெறிக் கேள்விகளை எழுப்பாமல் இந்த அறிவியலையே சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்று கருதுகிறேன். ஏனெனில் முதல் வாரத்தில் நாம் தரும் வீட்டுப்பாடமே மனிதர்களைப் பற்றிய ஒரு சிறிய மரபியல் ஆய்வுதான்.

வீட்டில் உள்ளவர்களின் இரத்த வகைகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லி, அதை வைத்து மரபுவழி வரைபடம் வரையச் செய்வது பல இடங்களில் நடக்கிறது. தாய், தந்தை இருவரும் ஓ வகையாக இருக்க, மகள் பி வகை என்று எழுதி வந்தால் என்ன ஆகும்? பாடநூலில் உள்ள அட்டவணையின்படி அது நடக்கவே முடியாதது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதைக் கவனித்துவிட்டால் போதும், அந்த மாணவியின் குடும்பம் வகுப்பறைப் பேச்சாகிவிடும். ஆனால் அந்த அட்டவணை முழு உண்மையையும் சொல்வதில்லை. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த 'பம்பாய் இரத்த வகை' அதற்கு விதிவிலக்கு. இரத்த வகையைத் தீர்மானிக்கும், சிவப்பணுக்களின் மேலுள்ள ஏ, பி ஆன்டிஜென்கள் உருவாவதற்கு அடித்தளமாக இருக்கும் எச் ஆன்டிஜென் இந்த வகையினருக்கு இல்லை. அதனால் பி மரபணு இருந்தும் வழக்கமான சோதனையில் இவர்கள் ஓ என்றே காட்டப்படுவார்கள். மற்றப் பெற்றோரிடமிருந்து எச் மரபணுவைப் பெறும் பிள்ளைக்கோ அந்த பி வெளிப்படையாகத் தெரியும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. ஒரு ஜீனின் வெளிப்பாட்டை மற்றொரு ஜீன் மறைப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அரைகுறை அறிவியல் ஒரு தாயின் மீது பழி சுமத்தக்கூடும் என்பதும் அதே எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது.

நாக்கைச் சுருட்டும் திறனும் இப்படித்தான். 1940இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் அதை ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு என்றார். 1952இல் ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒத்த இரட்டையர் 33 இணைகளைச் சோதித்தபோது 7 இணைகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. அது ஒரே ஜீன் தீர்மானிக்கும் எளிய மெண்டலியப் பண்பு அல்ல என்று ஸ்டர்டிவன்டே பிறகு ஏற்றுக்கொண்டார். நம் செய்முறைக் குறிப்பேடுகள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனவே நான் சொந்தக் குடும்பத் தரவுகளைக் கேட்பதில்லை. கற்பனைக் குடும்பங்களின் வரைபடங்களையே தருகிறேன். ஏன் கேட்பதில்லை என்பதை விளக்குவதே முதல் வகுப்பாக அமைந்துவிடுகிறது.

அறநெறி என்றவுடன் மாணவர்கள் 2018இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்னும் ஆய்வாளர் கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பிறக்கச் செய்த இரட்டைக் குழந்தைகளைத்தான் முதலில் குறிப்பிடுவார்கள். அதில் விவாதிக்க அதிகம் இல்லை; கிட்டத்தட்ட எல்லாருமே அதைத் தவறு என்றுவிடுவார்கள். எனக்குப் பயன்படுவது, நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஓர் ஆய்வு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்னும் ஊர் இருக்கிறது. கார் செல்லும் சாலை கிடையாது. நடந்தோ, கோவேறு கழுதை மீதோ, ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். அங்கு வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் சுமார் 650 பேர். அவர்களிடையே நீரிழிவு மிகுதி. 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கினர். நீரிழிவுக்காகத்தான் கேட்கிறார்கள் என்று மக்கள் புரிந்துகொண்டனர். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலோ, நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதற்காக என்று விரிவான ஒரு சொற்றொடர் இருந்தது. பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. 2003இல் அப்பழங்குடியைச் சேர்ந்த மாணவி ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் பார்வையாளராக அமர்ந்திருந்தபோதுதான், தம் மக்களின் இரத்தம் நீரிழிவோடு தொடர்பில்லாத ஆய்வுகளுக்கும் பயன்பட்டிருப்பது தெரிந்தது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவினரிடையேயான மண உறவு, ஆசியாவிலிருந்து முன்னோர் இடம்பெயர்ந்தது ஆகியவை அந்த ஆய்வுகளின் பொருள்கள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்று நம்பும் மக்களுக்குக் கடைசியாகச் சொன்னது வெறும் கல்விக் கருத்து அல்ல. வழக்கு நடந்து, 2010 ஏப்ரலில் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடு என்று சமரசம் ஏற்பட்டது. உறைகலத்தில் இருந்த மாதிரிகள் திருப்பித் தரப்பட்டன.

வழக்கு சமரசத்தில் முடிந்ததால், படிவத்தின் அந்தச் சொற்றொடர் போதுமானதா என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கவில்லை. எனக்கு அதுவே வசதி. படிவத்தின் வாசகத்தை மட்டும் முதலில் கொடுத்து, மனச்சிதைவு ஆய்வு இதில் அடங்குமா என்று கேட்கிறேன். பெரும்பாலோர் அடங்கும் என்பார்கள். எழுத்தின்படி அது சரியும்கூட. ஆய்வாளர் தரப்பின் வாதமும் அதுதான். பிறகு சுபாய் கதையைச் சொன்னதும் பாதிப் பேர் கருத்தை மாற்றிக்கொள்வார்கள், மீதிப் பேர் இன்னும் உறுதியாக நிற்பார்கள். உறவில் மணமுடிப்பது பற்றிய பகுதி வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் இல்லாத குடும்பம் இங்கே எத்தனை? தம்மைப் பற்றி யாரோ ஓர் அட்டவணையில் எழுதியிருந்தால் எப்படியிருக்கும் என்று அதன் பிறகு நான் விளக்கத் தேவையில்லை.

இடப்பெயர்வு பற்றிய பகுதிக்கு மதுரையே துணைக்கு வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்னும் மரபணு அடையாளத்தைக் கண்டறிந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய தொடக்க கால மனிதர்களோடு தொடர்புபடுத்தப்படும் அடையாளம் அது; ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. அந்த அடையாளம் கொண்டவரை ஊடகங்கள் இந்தியாவின் முதல் மனிதன் என்று கொண்டாடிவிட்டன. எம்130 ஒய் குரோமோசோமில் இருப்பது. தந்தைவழியில் மட்டுமே கடத்தப்படுவது. பத்துத் தலைமுறைக்கு முன்னே சென்றால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கும். ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒருவரைப் பற்றி மட்டுமே பேசும். இதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்த்தபின், ஒரு சாதியையே ஆதிக்குடி என்று அறிவிக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு அவர்களிடம் பழைய மதிப்பு இருப்பதில்லை.

இதன் பிறகுதான் எழுத்துப் பயிற்சி. நீரிழிவு மரபணு ஆய்வு ஒன்றுக்கான ஒப்புதல் படிவத்தைத் தம் பாட்டிக்குப் புரியும் தமிழில் ஒவ்வொருவரும் எழுத வேண்டும். ஜீன் என்றால் என்ன, இரத்தத்தில் அது எப்படி இருக்கிறது, என் இரத்தம் என் பேரனைப் பற்றி எதைச் சொல்லிவிடும், மனம் மாறினால் திரும்பப் பெறலாமா, வெளியான முடிவை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குபவர்களும் இதில் திணறுகிறார்கள். டி.என்.ஏ.வின் அமைப்பை வரையத் தெரிந்தவருக்கு, அது குடும்பத்தாரிடையே பகிரப்பட்டது என்பதை இரண்டு வரியில் சொல்லத் தெரிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை இந்த இடத்தில்தான் படிக்கக் கொடுக்கிறேன். ஊர்த் தலைவரோ சமூகத் தலைவரோ தரும் அனுமதி தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று அவை சொல்வதன் காரணம், சொந்தமாக ஒரு படிவம் எழுதிப் பார்த்தவருக்குச் சட்டென்று விளங்குகிறது.

இவற்றையெல்லாம் கேட்டபின், சமூகங்களின் மரபணுக்களை ஆராயவே கூடாது என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு வகுப்பை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரப்படும் சக்சினில்கோலின் என்னும் மருந்து சில நிமிடங்களில் சிதைந்துவிட வேண்டும். அதைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுப் போகும். வைசியர் சமூகத்தில் இக்குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணமுடிக்கும் அகமண வழக்கத்தை ஆராய்ந்த மரபியலாளர்கள் எடுத்துக்காட்டிய செய்தி. அப்படியானால் மயக்க மருத்துவர் நோயாளியிடம் சாதியைக் கேட்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். சாதிப் பெயர் ஒரு குறிப்பு மட்டுமே. அச்சமூகத்தில் பெரும்பாலோருக்கு இக்குறைபாடு இல்லை, மற்றவர்களிலும் சிலருக்கு உண்டு. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானதா என்று கேட்பதும், ஐயம் இருந்தால் அந்த நொதியின் அளவை இரத்தத்தில் சோதிப்பதும் அதைவிட நம்பகமானவை என்று விடை சொன்னேன்.