பந்தக்கால் ஊன இடம் வேண்டும்

திருநெல்வேலிச் சீமையில் பல ஊர்களில் கோயிலுக்கு முன்னாலோ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலோ ஒரு கலையரங்கம் நிற்கும். மூன்று பக்கம் சுவர், மேலே கான்கிரீட் கூரை, நெற்றியில் எந்த நிதியில் எந்த வருசம் கட்டியது என்ற எழுத்து. கட்டட வரைபட வேலையில் இருப்பதால் இந்த அரங்குகளைக் கண்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். கோயில் திருவிழாவான கொடை நாளில் பார்த்தால் மேடையில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நிகழ்ச்சி கீழே மண்ணில் நடந்துகொண்டிருக்கும்.

வில்லுப்பாட்டுக்காரர்கள் சாமிக்கு நேரெதிரே உட்கார்ந்துதான் பாடுவார்கள். கணியான் கூத்திலும் மகுடம் என்கிற மேளம் அடிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் சாமிதான் முன்னால். ஜனங்கள் சுற்றிலும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். கலையரங்கமோ ரோட்டைப் பார்த்துக் கட்டியிருக்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு அது சரி, கொடைக்கு உதவாது.

சேரன்மாதேவி பக்கம் ஒரு ஊரில் கோயில் திடலைச் சீரமைக்கும் வேலை எங்களிடம் வந்தது. கூடவே வந்த மதிப்பீட்டில் திடல் முழுக்கப் பேவர் பிளாக், சுற்றிலும் பெஞ்சு, நடுவில் ஹைமாஸ் விளக்கு என்று இருந்தது. ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். பந்தல் போடுகிற அண்ணாச்சி மட்டும் எழுந்தார்.

“பூராவும் கல்லைப் பதிச்சிட்டா நான் கம்பை எங்க சார் ஊனுவேன்? கொடைக்குக் கொடை பேத்துட்டே இருந்தா அந்தக் கல்லு நிக்குமா?”

கூட்டம் முடிந்ததும் அவரையே கூட்டிக்கொண்டு திடலைச் சுற்றினேன். வருசா வருசம் கால் ஊனுகிற இடத்தையெல்லாம் கட்டைவிரலால் கீறிக் காட்டினார். சாமியாடி வேட்டைக்குப் புறப்படும் பாதையில் ஒரு கால்கூட வரக் கூடாது என்றார். அது எந்த வரைபடத்திலும் இல்லாத பாதை. அவர் கீறிய இடங்களில் ஜி.ஐ. குழாயைத் தரையோடு தரையாகக் கான்கிரீட்டில் நிறுத்தி, மேலே மூடி போட்டோம். சவுக்குக் கம்பு இறங்கி ஆடாமல் நிற்கிற அகலம். தண்ணீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்க அடியில் ஜல்லி. மூடி போட்டிருக்கும்போது பையன்கள் அதன் மேலேயே கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

பொங்கல் இடுகிற பக்கத்தை மண்ணாகவே விட்டோம். வரிசையாக அடுப்பு மூட்டினால் அந்தச் சூட்டுக்குப் பேவர் பிளாக் பொரிந்து போகும். மறு பக்கம் சிமெண்ட் களம். பிசானம், கார் என்று எந்தப் போகம் அறுத்தாலும் நெல் காயப்போட ரோட்டைத் தேடுகிற ஊர் அது. களத்துக்கு நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் கொடுத்தோம். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சரிவு தெரியாது, மழை விட்டதும் தண்ணீர் தானாக ஓரத்து ஓடைக்குப் போய்விடும்.

ஹைமாஸ் விளக்கை ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னதில்தான் வாக்குவாதம். நடுவில் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றார்கள். நான் நெல்லை டவுனைச் சொன்னேன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிகள் மற்ற நாளெல்லாம் கடைத்தெரு. ஆனியில் தேரோட்டத்தன்று அதே தெருவில்தான் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள். பாளையங்கோட்டை தசராவுக்கு அம்மன் சப்பரங்கள் அணிவகுத்து நிற்பதும் திறந்து கிடக்கிற மைதானத்தை நம்பித்தான். நடுவில் ஒரு தூணை நட்டுவிட்டால் சப்பரம் திரும்புவது எங்கே, பொருட்காட்சிக்கு ராட்டினம் போடுவது எங்கே? ஒருவழியாக விளக்கு ஓரத்துக்குப் போனது.

ஏற்கெனவே இருந்த கலையரங்கத்தை இடிக்கவில்லை. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு அறையும் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் சேர்த்தோம். இந்த வேலையில் என் மனதுக்கு ரொம்பப் பிடித்தது அந்த அறைதான். கணியான் கூத்தில் பெண் வேடம் கட்டுபவர்கள் ஆண்கள். ராத்திரி முழுக்க ஆடுகிறவர்கள், வேடம் கட்ட அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு தட்டி மறைப்புதான் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது ஜனங்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்க வைக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் அரிசி மூட்டை வைக்கவும் அறை உதவும். மருத்துவ முகாமுக்கு டாக்டர் உட்காரவும் ஆகும். செலவைக் குறைக்கச் சொன்னபோது முதலில் இந்த அறையில்தான் கை வைத்தார்கள். மேடைக்கு டைல்ஸ் ஒட்டுவதை நிறுத்தி அறையைக் காப்பாற்றினோம்.

இப்போது சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு நடக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் என்கிறார்கள் சிலர், பூசாரி வீடு என்கிறார்கள் சிலர். அறை பூட்டியே கிடக்கக் கூடாது, மகளிர் குழுவிடம் கொடுங்கள் என்று போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடிக் கொடைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.